தேங்காய்ப்பால் விடுமுன் நிறுத்துங்கள்: ஞாயிற்றுக்கிழமைச் சமையலில் எனக்கு நிலைத்தவை

வேலைக்குப் போகும் இரண்டு பேர், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், வயதான மாமி. மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டில் விடியற்காலையிலேயே ஐந்து பேருக்குக் காலைச் சாப்பாடும் மத்தியானச் சோறும் ஆயத்தமாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமையே பாதி வேலையை முடித்து வைக்கும் பழக்கம் 2022 இல் தொடங்கியது. இலங்கையில் கேஸ் கிடைக்காத நெருக்கடிக் காலம் அது. அருமையாகக் கிடைத்த விறகை மூட்டினால், ஒரே நெருப்பில் எல்லாவற்றையும் முடித்துவிடத்தான் மனம் சொல்லும். பிறகு கேஸ் வந்துவிட்டது, பழக்கமும் தொடர்கிறது. இத்தனை காலம் செய்து பார்த்ததில் எது நம் வீட்டுக்கு ஒத்துவரும், எது வராது என்று இப்போது தயங்காமல் சொல்வேன்.

ஏழு நாள் சாப்பாட்டை ஏழு பெட்டியில் அடுக்கும் முறை நமக்குச் சரிவராது. காரணம் தேங்காய்ப்பால். நம் கறிகளில் பாதிக்கு மேல் பாலில்தான் முடிகின்றன. பால் விட்ட கறியைக் காலையில் இறக்கி மேசையில் வைத்தால், கச்சான் காற்று வீசும் வெக்கை நாட்களில் பின்னேரமே புளித்துவிடும். பிரிட்ஜில் வைத்தால் கொழுப்பு மேலே கட்டியாக உறையும், திரும்பச் சூடாக்கினால் திரிந்து எண்ணெய் தனியாக நிற்கும். அதனால் கறியைப் பால் விடுவதற்கு முந்திய கட்டத்தில் நிறுத்திவிடுகிறேன். பிரிட்ஜ் சாப்பாட்டையே விரும்பாத மாமி ஒரு நாள் சாப்பிட்டுவிட்டுச் சொன்னார்: “கறி பழசானாலும் பரவாயில்ல மனே, பால் புதுசா இருந்தாச் சரி.” அதற்குப் பிறகு வீட்டில் இதைப்பற்றி வாக்குவாதமே இல்லை.

செய்வது இதுதான். சின்ன வெங்காயம், உள்ளி, இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, றம்பை இலை, வெந்தயம், பெருஞ்சீரகம் எல்லாம் தாளித்து, தூள் போட்டு, பழப்புளிக் கரைசல் விட்டு, எண்ணெய் மேலே மிதக்கும் வரை வற்றவிடுவேன். இந்தக் கூட்டு பிரிட்ஜில் மூன்று நாலு நாள் தாங்கும். மிச்சத்தை ஒரு நேரக் கறிக்கு அளவாகப் பிரித்து பிரீசரில் வைக்கிறேன். திங்கள் அதில் பொரித்த கத்தரிக்காய், செவ்வாய் அவித்த முட்டை, இன்னொரு நாள் முருங்கைக்காய். கடைசியில் புதிதாகப் பிழிந்த பால் விட்டு ஒரு கொதி. அடுப்பில் நிற்பது கால் மணித்தியாலம்தான், ஆனால் சாப்பிடுகிறவருக்கு அது அன்றைக்கு வைத்த கறிதான். காலையில் தேங்காய் திருவ நேரமில்லாதவர்கள் திருவிய பூவைச் சிறு சிறு பொதியாகப் பிரீசரில் வைக்கலாம். சுடுதண்ணீர் விட்டுப் பிழிந்தால் நல்ல பால் வரும், சம்பலுக்கும் குறையில்லை.

மீன் விடயத்தில் நான் கண்டிப்பு. காலையில் வாங்கிய மீனை அன்றைக்கே வெட்டிக் கழுவி, உப்பும் மஞ்சளும் தடவி, ஒரு நேரத்துக்கு அளவாகப் பொதி செய்து பிரீசரில் வைத்துவிட வேண்டும். சூரை என்றால் இன்னும் அவசரம். குளிரில் வைக்காமல் கிடந்த சூரையில் ஹிஸ்டமின் உருவாகும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது, சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து உடம்பெல்லாம் தடித்துவிடும். பொதியை எடுத்து வெளியே வைத்து உருகவிடுவதும் கூடாது, முதல்நாள் இரவே பிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்ற வேண்டும். மாரியில் கடல் கொந்தளித்து மீன் விலை ஏறும்போது இந்தப் பொதிகள் கைகொடுக்கும் அளவுக்கு வேறெதுவும் கொடுப்பதில்லை. கொறுக்காய்ப்புளி போட்டுச் சட்டியில் வரட்டிய மீனும் நன்றாகத் தாங்கும், இரண்டாம் நாள் ருசி கூடும்.

சோற்றை மட்டும் அன்றன்றைக்கே ஆக்குங்கள். அரிசியில் இருக்கும் பசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. சோறு வெக்கையில் கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும், அந்த நஞ்சு பிறகு சூடாக்கினாலும் போகாது. மிஞ்சிய சோற்றை அகலத் தட்டில் பரப்பி ஆறவிட்டு, இரண்டு மணித்தியாலத்துக்குள் பிரிட்ஜில் வைப்பேன். பிரிட்ஜ் 5 பாகை செல்சியசுக்குக் கீழே, பிரீசர் −18 இல் இருக்கிறதா என்று ஒரு சின்ன வெப்பமானி வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். இந்தச் செலவு வீண் இல்லை.

இடியப்பம் பிரிட்ஜில் விறைத்துப் போகும். அது பழுதல்ல, மாப்பொருள் குளிரில் இறுகுவதுதான். தண்ணீர் தெளித்து மீண்டும் ஆவியில் வைத்தால் பழையபடி மெதுவாகிவிடும். பிட்டை முன்கூட்டி அவித்து வைக்கத் தேவையே இல்லை, வறுத்த அரிசி மாவும் அவித்து அரித்த கோதுமை மாவும் போத்தலில் இருந்தால் காலையில் குழைத்து அவிப்பது பெரிய வேலையில்லை.

பிள்ளைகளுக்குப் பிடித்தது கௌபிப் பயறும் கடலையும். சனி இரவு ஊறப்போட்டு, ஞாயிறு அவித்து, வடித்து, பொதியாக்கிவிட்டால் காலையில் கடுகு, செத்தல் மிளகாய், தேங்காய்ப்பூவோடு தாளிக்க ஐந்து நிமிடம். வெளியில் வாங்கும் பணிஸ் எங்கள் வீட்டில் பெருமளவு குறைந்ததற்கு இதுதான் காரணம். பருப்பையும் பால் விடாமல் அவித்து வைக்கலாம்.

ஒத்துவராதவையும் உண்டு. உருளைக்கிழங்கு பிரீசரில் மாவாகிவிடும். சுண்டிய கீரை மறுநாளே வாடை அடிக்கும், ஆகவே கீரையை ஆய்ந்து, ஈரம் போகத் துணியில் சுற்றி வைப்பதோடு சரி. கருவாட்டுக்கறியை எவ்வளவு இறுக்கி மூடினாலும் பிரிட்ஜ் முழுக்க மணக்கும், தயிர்ச் சட்டி பக்கத்தில் இருந்தால் தயிரும் போச்சு.

கரண்ட் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கதவைத் திறக்காமல் விட்டால் பிரிட்ஜ் நாலு மணித்தியாலம் அளவில் குளிரைக் காக்கும். நிறைந்த பிரீசர் இரண்டு நாள் வரை தாங்கும், பாதி நிறைந்தது ஒரு நாள்தான். அதனால் வெறும் இடம் இருந்தால் தண்ணீர்ப் போத்தல்களால் நிரப்பிவிடுவேன், கழுத்து வரை ஊற்றாமல்.

பகலில் வீட்டில் ஆள் இருந்து சமைக்க முடிகிறவர்களுக்கு இந்த ஏற்பாடு தேவையில்லை, அன்றன்றைக்கு வைப்பதே ருசி. இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீடு என்றால் புளிக்கூட்டையும் கௌபியையும் மட்டும் முதல் மாதம் செய்து பாருங்கள். மீனை அதற்குப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.