4-2 விதியும் தொடக்கக் கை அட்டவணையும்: நீண்ட நாள் பயன்பாட்டில் எது தாங்குகிறது, எது தடுமாறுகிறது

ஆளுக்கு இரண்டு சீட்டும் நடுவே எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டும் வரும் போக்கர் ஆட்டமான டெக்சாஸ் ஹோல்டெம் கற்பவர்கள் கையில் எடுக்கும் முதல் கருவிகள் இரண்டு. ட்ரா, அதாவது இன்னும் ஒரு சீட்டுக்குக் காத்திருக்கும் கை, நிறைவேறும் வாய்ப்பை மனக்கணக்காகப் போட 4-2 விதி. எந்தக் கையோடு உள்ளே நுழைவது என்று சொல்ல தொடக்கக் கை அட்டவணை. இரண்டும் காலப்போக்கில் நம்பத் தகுந்தவையே. ஆனால் இரண்டையும் பெரும்பாலோர் தவறான இடத்தில் பயன்படுத்துகிறார்கள், சிப்கள் கரைவது அங்கேதான்.

விதி எளிது. கையை முழுமையாக்கும் சீட்டுகளை, அதாவது அவுட்டுகளை எண்ணுங்கள். இரண்டு சீட்டுகள் வர வேண்டியிருந்தால் 4 ஆல் பெருக்குங்கள், ஒன்றுதான் பாக்கி என்றால் 2 ஆல். ஃப்ளஷ் (ஒரே சூட்டில், அதாவது ஒரே சின்னத்தில், ஐந்து சீட்டு) ட்ராவுக்கு 9 அவுட். விதி 36 சதவீதம் என்கிறது, உண்மை 35. இரு பக்கமும் திறந்த ஸ்ட்ரெயிட் (அடுத்தடுத்த எண்ணில் ஐந்து சீட்டு) ட்ராவுக்கு 8 அவுட். விதி 32, உண்மை 31.5. நடுவில் ஒரு சீட்டு மட்டும் தேவைப்படும் ஸ்ட்ரெயிட்டுக்கு 4 அவுட். விதி 16, உண்மை 16.5. மேஜையில் இதைவிடத் துல்லியம் தேவையில்லை. அவுட்டுகள் கூடும்போதுதான் விதி பெருமையடிக்கிறது: ஃப்ளஷும் ஸ்ட்ரெயிட்டும் சேர்ந்த 15 அவுட் ட்ராவுக்கு 60 சொல்கிறது, உண்மை 54. 8-க்கு மேல் எத்தனை அவுட் இருக்கிறதோ அத்தனையைக் கழித்துவிட்டால் சரியாகிவிடும். 15 அவுட்டுக்கு 60 கழித்தல் 7, அதாவது 53. 2 ஆல் பெருக்குவதோ சற்றுக் குறைத்தே சொல்லும். 9 அவுட்டுக்கு 18 என்கிறது, ரிவரில் (கடைசியான ஐந்தாவது பொதுச் சீட்டில்) உண்மை 19.6.

பெரிய சிக்கல் பெருக்கலில் இல்லை, 4-ஐ எப்போது தொடுவது என்பதில் இருக்கிறது. ஃப்ளாப்பில் (முதல் மூன்று பொதுச் சீட்டுகள் விழுந்ததும்) நடுவே 100 சிப், எதிராளி 50 வைக்கிறார். உங்களிடம் ஃப்ளஷ் ட்ரா. 200 ஆகப்போகும் பாட்டுக்கு (நடுவே சேரும் மொத்தச் சிப்) 50 கட்ட வேண்டும், எனவே 25 சதவீத வெற்றி போதும். கையில் 35 இருக்கிறது என்று கால் செய்கிறார்கள், அதாவது அதே தொகையைக் கட்டுகிறார்கள். டர்ன் (நான்காவது பொதுச் சீட்டு) உதவாத சீட்டாக விழுகிறது, எதிராளி மறுபடி பெரிதாக வைக்கிறார், இப்போது ஃபோல்டு, அதாவது கையை விட்டு விலகல். அந்த 35 இரண்டு சீட்டுகளுக்கான வாய்ப்பு, வாங்கியதோ ஒன்றைத்தான். பார்த்த சீட்டுக்கான வாய்ப்பு 47-ல் 9, அதாவது 19 சதவீதம். ஒருவர் ஆல்-இன் ஆகிவிட்டால் (கைவசமுள்ள எல்லாச் சிப்பையும் வைத்துவிட்டால்), அல்லது டர்னில் பந்தயம் வராது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் 4. மற்ற எல்லா இடத்திலும் 2.

அப்படியானால் ஃபோல்டுதானா? ஃப்ளஷ் வந்தபின் கிடைக்கப்போகும் கூடுதல் சிப்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். அதே தொகை டர்னில் என்று வையுங்கள்: நடுவே 100, எதிராளி 50. பார்க்காத 46 சீட்டில் 9 உங்களுக்கு, 37 எதிராக. 37 முறை 50 இழந்தால் மொத்தம் 1850. 9 முறை ஜெயிக்கும்போது தலா சுமார் 206 வந்தால்தான் சமன்; நடுவே இருப்பது 150. மீதி 56-ஐ ரிவரில் சராசரியாக எதிராளியிடமிருந்து வாங்க முடியுமா என்பதே கேள்வி. அவரிடம் 40 சிப்தான் பாக்கி என்றால் பதில் உடனே தெரிந்துவிடும். நடுவே ஒரே சூட்டின் மூன்றாவது சீட்டு விழுந்ததும் பயந்து விலகும் ஆட்டக்காரரிடமும் வாங்க முடியாது.

அடுத்த பிசகு, அவுட்டுகளை முழு எண்ணாக நம்புவது. கையில் ஜாக்-10, ஃப்ளாப்பில் ஹார்ட் குயின், ஹார்ட் 9, கிளாவர் 3. உங்களிடம் ஹார்ட் இல்லை. கிங்கும் எட்டுமாக 8 அவுட். ஆனால் ஹார்ட் கிங்கும் ஹார்ட் எட்டும் யாருக்கோ ஃப்ளஷைக் கொடுக்கலாம். பலர் ஆட்டத்தில் இருந்தால் 6 என்றே எண்ணுங்கள். ஃப்ளஷ் ட்ராவிலும் இது உண்டு: போர்டில், அதாவது நடுவே, ஸ்பேடு கிங், ஸ்பேடு 8, டைமண்ட் 3, எதிராளியின் கைச்சீட்டு இரண்டும் எட்டு. ஸ்பேடு 3 விழுந்தால் உங்களுக்கு ஃப்ளஷ், அவருக்கு அதை வெல்லும் ஃபுல் ஹவுஸ் (மூன்று எட்டு, இரண்டு 3). அது அவுட் இல்லை, பொறி.

தொடக்கக் கைகளுக்கு வருவோம். மொத்தம் 1326 இரு சீட்டுச் சேர்க்கைகள், வகைப்படுத்தினால் 169. ஒவ்வொரு ஜோடியும் 6 விதமாக வரும், ஒரே சூட் கை 4 விதம், வேறு சூட் கை 12 விதம். இந்த 6-4-12 தெரியாமல் அட்டவணையைப் பார்த்தால் கட்டங்கள் ஏமாற்றும். 9 பேர் மேஜையில் முதலில் பேச வேண்டிய இடத்துக்கு எல்லா ஜோடிகள், ஏஸ்-கிங், ஏஸ்-குயின், ஒரே சூட்டில் ஏஸ்-ஜாக், ஏஸ்-10, கிங்-குயின், கிங்-ஜாக், குயின்-ஜாக், ஜாக்-10 என்று வையுங்கள்: 134 சேர்க்கை, ஏறக்குறைய 10 சதவீதம். அந்த இடத்துக்கு அது போதும். வேறு சூட் கிங்-ஜாக் ஒரே ஒரு கட்டம்தான், ஆனால் 12 சேர்க்கையை உள்ளே இழுத்துவரும். பின்னால் எட்டுப் பேர் காத்திருக்கும்போது அது தொல்லை. திருப்பி ரெய்ஸ் செய்பவரிடம் (பந்தயத்தை மேலும் உயர்த்துபவரிடம்) பெரும்பாலும் ஏஸ்-கிங், கிங்-குயின் போன்ற கைகள் இருக்கும். கிங் விழுந்தாலும் ஜோடி சேராத பக்கச் சீட்டில் தோற்பீர்கள். ஏஸ்-ஜாக் ஏஸ்-கிங்கிடம் மாட்டினால் ஏறக்குறைய 26-க்கு 74.

அட்டவணை சொல்வது, உங்களுக்கு முன் எல்லோரும் ஃபோல்டு செய்திருந்தால் எதைத் திறக்கலாம், அதாவது எதோடு முதலில் பந்தயம் வைத்து நுழையலாம், என்பதை மட்டுமே. முன்னால் ஒருவர் ரெய்ஸ் செய்த பிறகும் அதே பட்டியலை வைத்துக் கால் செய்வதுதான் நான் அதிகம் பார்க்கும் பிழை. அங்கே பட்டியல் வெகுவாகச் சுருங்க வேண்டும்.

சிறு ஜோடிகளுக்குத் தனிக் கணக்கு. ஃப்ளாப்பில் அதே எண்ணின் மூன்றாவது சீட்டு விழும் வாய்ப்பு 11.8 சதவீதம், 7.5-க்கு 1. விழுந்த ஒவ்வொரு முறையும் எதிராளி முழுதாகக் கொடுக்க மாட்டார், ஆகவே கட்டும் தொகையைப் போல 15 மடங்காவது இருவரிடமும் சிப் இருக்க வேண்டும். ஜாக் ஜோடி வேறு ரகம்: ஃப்ளாப்பில் குயின், கிங், ஏஸ் ஏதாவது ஒன்று தலைகாட்டும் வாய்ப்பு 57 சதவீதம். குயின் ஜோடிக்கு அது 41, கிங் ஜோடிக்கு 23. ஜாக் ஜோடியைக் கையில் எடுக்கும்போதே அந்த ஃப்ளாப்புக்கு என்ன செய்வது என்று முடிவு இருக்கட்டும்.

ஒரே சூட் என்பதற்காக மட்டும் கையைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். ஃப்ளாப்பிலேயே ஃப்ளஷ் அமைவது 0.84 சதவீதம், ட்ரா அமைவது 11. மொத்த வெற்றி வாய்ப்பில் சூட் சேர்ப்பது 2 முதல் 4 சதவீதப் புள்ளிதான். கிங்-4 ஒரே சூட்டாக இருந்தாலும் முன் இடங்களில் அது கிங்-4 தான். பட்டன் இடத்தில் (ஃப்ளாப்புக்குப் பின் கடைசியாகப் பேசும் இடம்) உங்களுக்கு முன் எல்லோரும் விலகியிருந்தால் திறக்கலாம்.