சிங்கப்பூர் – நியூயார்க்: நேர் விமானமா, ஃபிராங்க்ஃபர்ட் வழியா?

சிங்கப்பூர் கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையிலும் நியூயார்க் மேற்குத் தீர்க்கரேகை 74 பாகையிலும் இருக்கின்றன. பூமிப் பந்தில் ஏறக்குறைய நேரெதிர்ப் பக்கங்களில் இருப்பதால், இவ்விரு நகரங்களுக்கு இடையிலான மிகக் குறுகிய பாதை வட துருவத்தை ஒட்டியே செல்கிறது. அதன் நீளம் சுமார் 15,300 கிலோமீட்டர். ஃபிராங்க்ஃபர்ட்டில் நின்று சென்றால் முதற்கட்டம் சுமார் 10,300, அடுத்த கட்டம் 6,200, ஆக மொத்தம் 16,500 கிலோமீட்டர்.

வரைபடத்தில் தெரியும் இந்த 1,200 கிலோமீட்டர் மிச்சம் வானத்தில் அப்படியே கிடைப்பதில்லை. மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்றோட்டத்தின் உந்துதலைப் பெறுவதற்காக, நியூயார்க் செல்லும் நேர் விமானம் பெரும்பாலும் பசிபிக் பெருங்கடலின் மேலாகச் சுற்றிப் பறக்கிறது. அப்போது அது கடக்கும் தூரம் 16,000 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். ஆனாலும் நேர் விமானம் 19 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவும், ஃபிராங்க்ஃபர்ட் வழி 23 மணி நேரத்தையொட்டியும் எடுத்துக்கொள்கின்றன. எனவே நமக்கு மிச்சமாவது தூரம் அன்று. தரையிறங்கி, எரிபொருள் நிரப்பி, மீண்டும் மேலெழும் நேரமும், மேற்கு நோக்கிப் பறக்கையில் எதிர்க்காற்றில் இழக்கும் நேரமுமே.

அந்த நான்கு மணி நேரத்துக்கான விலை சிறிதன்று. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004இல் நான்கு எஞ்சின் கொண்ட ஏ340-500 விமானத்தைக் கொண்டு, நியூயார்க்கை அடுத்துள்ள நியூவர்க் விமான நிலையத்துக்குத் தொடங்கிய நேர் சேவை, எரிபொருள் செலவு கட்டுப்படியாகாமல் 2013இல் நின்றுபோனது. இரண்டே எஞ்சின் கொண்ட, மிக நீண்ட தூரம் பறப்பதற்கென்றே அமைந்த ஏ350-900 யூஎல்ஆர் விமானம் வந்த பிறகுதான் 2018 அக்டோபரில் அது உயிர்பெற்றது. இவ்விமானம் 1,65,000 லிட்டர் வரை எரிபொருள் கொள்ளும். முதல் சில மணி நேரம் அது எரிப்பதில் ஒரு பங்கு, மீதி எரிபொருளைச் சுமப்பதற்கே செலவாகிறது. எடையைக் குறைக்க வேண்டியிருப்பதால் பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94 என 161 இருக்கைகள் மட்டுமே உள்ளன. சாதாரண எகானமி வகுப்பு அறவே இல்லை. குடும்பத்தோடு செல்பவர்களில் பலருக்கு இந்த ஒன்றே முடிவைத் தீர்மானித்துவிடும்.

ஃபிராங்க்ஃபர்ட் வழியில் எகானமி உண்டு. ஆனால் விடியற்காலையில் கைப்பைகளோடு இறங்கி, பாதுகாப்புச் சோதனையை மறுபடியும் கடந்துதான் அதே பயணத்தைத் தொடர வேண்டும். தூக்கம் கலைந்த குழந்தைகளோடு செல்பவர்களுக்கு அது பெரும் அலுப்பு.

தனியாக, வேலை நிமித்தம் செல்வதாயின் நான் நேர் விமானத்தையே தேர்வேன். எழுபது வயதைக் கடந்த அம்மாவை அழைத்துச் சென்றபோது மட்டும் ஃபிராங்க்ஃபர்ட் வழியை எடுத்தேன். பதின்மூன்று மணி நேரம் உட்கார்ந்து வந்ததில் அவருடைய கால் வீங்கி, செருப்பின் வார் பதிந்து தடமாகியிருந்தது. நடைகூடத்தில் இரண்டு முறை போய் வந்து, ஒரு தேநீர் குடித்து முடிப்பதற்குள் அந்தத் தடம் பாதி மறைந்திருந்தது.