43 பக்கம், 2 நிமிடம், 1,38,760 ரூபாய் போச்சு

கோபம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். அடங்கிவிட்டால் "சரி, நம்ம நேரம்" என்று விட்டுவிடுவேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியும். மெடிக்கல் கிளைம் ரிஜெக்ட் ஆனால் என்னென்ன செய்ய வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்தது.

நாங்கள் சேலம். வீட்டுக்காரருக்கு லேத் பட்டறையில் வேலை. 28 மாதத்துக்கு முன், போனிலேயே இன்சூரன்ஸ் விற்கும் ஒரு ஆப் மூலமாக இரண்டு பேருக்கும் சேர்த்து 5 லட்சத்துக்குப் பாலிசி எடுத்தேன். வருடம் 21,300. மூன்று முறை கட்டியாகிவிட்டது. கம்பெனி பெயர் போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது.

விற்ற பையன் இரண்டு நாள் பொறுமையாக எல்லாம் விளக்கினான். பேச்சு திருநெல்வேலிப் பக்கம், குரல் என் தம்பி மாதிரியே இருக்கும். மூன்றாவது நாள் காலை 8 மணிக்குக் கூப்பிட்டான். சட்னிக்கு மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. "நீங்க வேலையப் பாருங்கக்கா, ஃபார்ம் நானே போட்டுடறேன், ஓ.டி.பி. மட்டும் சொல்லுங்க" என்றான். மிக்ஸியை நிறுத்தி ஆறு எண்களைச் சொல்லிவிட்டு மறுபடி போட்டேன். அவ்வளவுதான். "கிளைம்னா எனக்கே நேரா போன் போடுங்கக்கா, ராத்திரி 2 மணின்னாலும் எடுப்பேன்." அந்த நம்பர் இப்போது உபயோகத்தில் இல்லையாம்.

போன மாதக் கடைசியில் வீட்டுக்காரருக்குப் பித்தப்பையில் கல். லேப்ராஸ்கோப்பி, சின்னத் துளை போட்டுச் செய்யும் ஆபரேஷன். கேஷ்லெஸ்ஸுக்கு, அதாவது கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேராகப் பணம் கட்டுவதற்கு, முதலில் 50,000 அப்ரூவல் வந்தது, நிம்மதியாக இருந்தோம். டிஸ்சார்ஜ் அன்று காலை 11 மணிக்கு ஃபைனல் பில் போனது. மூன்று மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 மே மாதமே உத்தரவு போட்டிருக்கிறது. எங்களுக்கு ஒவ்வொரு பேப்பராகக் கேட்டுக் கேட்டு மாலை ஆக்கினார்கள். 6.10-க்கு ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் டெஸ்க்கில் இருந்தவர் எல்லாவற்றையும் சேர்த்து 43 பக்கம் அப்லோடு செய்தார். 6.12-க்கு ரிஜெக்ட் என்று மெயில். "என்னம்மா, உடனே வந்துடுச்சு" என்று அவரே திரையை இரண்டு முறை பார்த்தார். 43 பக்கத்தை எந்த மனிதன் இரண்டு நிமிடத்தில் படிப்பான்?

காரணம்: ஆறு வருடமாகச் சுகர் இருப்பதை மறைத்துப் பாலிசி எடுத்தோமாம். பாலிசியையே ரத்து செய்யவும் உரிமை உண்டு என்று கீழே ஒரு வரி.

சுகர் இருப்பது உண்மை. கண்டுபிடித்து ஆறு மாதம்தான் ஆகிறது. கேஸ் ஷீட்டை வாங்கிப் பார்த்தேன். டியூட்டி டாக்டர் கையால் "டி.எம். 6/12" என்று எழுதியிருக்கிறார். டி.எம். என்றால் சுகர். டாக்டர்கள் வழக்கத்தில் கீழே 12 போட்டால் மாதம், அதாவது 12-ல் 6, ஆறு மாதம். டிஸ்சார்ஜ் சம்மரி டைப் அடித்தவர் அதை "6 ஆண்டுகள்" ஆக்கிவிட்டார். ஒரு சாய்ந்த கோடு. அதற்கு விலை 1,38,760.

அந்தப் பணத்தை எப்படிக் கட்டினோம் என்று கேளுங்கள். என் செயினை அடகு வைத்து 90,000. கொழுந்தனார் 30,000. மீதி 18,760 வீட்டில் இருந்தது. தையல் போட்ட வயிற்றோடு அவர் வரவேற்பறை நாற்காலியில் இரவு 9 மணி வரை உட்கார்ந்திருந்தார்.

மறுநாளிலிருந்து அலைச்சல். ஆப்பில் உள்ள சாட்டில் எதைக் கேட்டாலும் "உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது" என்று வருகிறது. என்ன புரிந்தது என்று கேட்டேன், அதற்கும் அதே வரி. கால் சென்டரில் நான்கு பேர். "சிஸ்டம்ல ரிஜெக்ட்னு காட்டுது மேடம்." யார் பார்த்து ரிஜெக்ட் செய்தது? "டீம் மேடம்." அந்த டீமில் ஒரு டாக்டர் பெயர் சொல்லுங்கள் என்றால் லைன் கட். நேரில் கிளைக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, ஏசி, குடிக்கத் தண்ணீர் எல்லாம் உண்டு. இங்கே பாலிசி போடுவது மட்டும்தானாம்.

ஆபரேஷன் செய்த டாக்டர் நல்ல மனிதர். "ஆறு மாதம் என்பதே சரி, தட்டச்சுப் பிழை" என்று லெட்டர்பேடில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பாலிசிக்கு இரண்டு மாதம் முன்பு கோயில் மண்டபத்தில் நடந்த இலவச முகாமின் ரிப்போர்ட்டும் கையில் இருந்தது: மூன்று மாதச் சராசரிச் சுகரைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. 5.4. சுகரே இல்லை. இரண்டையும் அனுப்பினேன். ஒன்பது நிமிடத்தில் பதில். முதல் மெயிலில் இருந்த அதே பத்தி, வீட்டுக்காரர் பெயரில் இருந்த அதே எழுத்துப் பிழை.

அக்கா மகன், "மெஷினுக்கு மெஷினாலயே எழுதுவோம் சித்தி" என்று ஏ.ஐ.-யிடம் கொடுத்து ஒரு மேல்முறையீட்டுக் கடிதம் தயார் செய்தான். வக்கீல் எழுதியது போல இருந்தது. ஆனால் பாலிசியில் இல்லவே இல்லாத ஒரு ஷரத்தை எண் போட்டு மேற்கோள் காட்டியிருந்தது! பாலிசிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு வரி வரியாகத் திருத்தினேன். அப்போதுதான் பாலிசி விற்ற பையன் நிரப்பிய ஃபார்மையும் முழுதாகப் பார்த்தேன். லேத்தில் நிற்கிறவருக்கு "அலுவலகப் பணி" என்று போட்டிருக்கிறான். இதை வைத்து அடுத்து என்ன கிளப்புவார்களோ.

சரி, விவரமாக எழுதுகிறேன் என்றேன். அவருக்குக் கஞ்சி வைக்க வேண்டும், அவசரமாகச் சிலது மட்டும்.

ஓ.டி.பி. சொல்வதற்கு முன் ஃபார்மைப் படியுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியை ஆஸ்பத்திரி அனுப்புவதற்கு முன் ஒரு முறை வாங்கிப் பாருங்கள், எத்தனை வருடம், எத்தனை மாதம் என்ற இடத்தை முக்கியமாக. கம்பெனிக்குள் கிளைம்களைப் பார்க்கும் ரிவ்யூ கமிட்டி ஒப்புதல் இல்லாமல் கிளைமை மறுக்கக் கூடாது என்று அந்த 2024 உத்தரவிலேயே இருக்கிறது. கமிட்டி எந்தத் தேதியில் பார்த்தது என்று மெயிலில் கேளுங்கள். போனில் பேசியது எதுவும் நிற்காது. கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதி, 155255 என்ற போன் எண்ணிலும் பீமா பரோசா என்ற ஐ.ஆர்.டி.ஏ.ஐ. புகார் தளத்திலும் புகார் எண் வாங்குங்கள். ஒரு மாதத்தில் சரியான பதில் இல்லை என்றால் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன், அதாவது கம்பெனி மீதான புகாரை விசாரிக்கும் அதிகாரி, நமக்குச் சென்னை தேனாம்பேட்டையில். 50 லட்சம் வரை கேட்கலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

எனக்கு இன்றோடு 12 நாள். 1,38,760-க்கு ஒரு புகார் எண் கிடைத்திருக்கிறது. நேற்று மட்டும் ஆப்பிலிருந்து ஒரு கால் வந்தது, ரின்யூவலுக்கு.