எதிரெதிரே வரும் பஸ்ஸும் மோட்டார் சைக்கிளும்: எந்த வழியில் போட்டால் பிழைக்காது?

ஏ9 வீதியில் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடையே 80 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். காலை 6.00க்கு வவுனியாவிலிருந்து பஸ் மணிக்கு 40 கி.மீ. கதியில் வெளிக்கிடுகிறது. 6.30க்குக் கிளிநொச்சியிலிருந்து மோட்டார் சைக்கிள் மணிக்கு 60 கி.மீ. கதியில் எதிரே வருகிறது. எத்தனை மணிக்குச் சந்திக்கும்?

முதலில் குறுக்குவழி. இரண்டு கதியையும் கூட்டினால் 100. அவசரக்காரர் உடனே 80ஐ 100ஆல் வகுத்து 48 நிமிடம் என்பார். பிழை. முதல் அரை மணித்தியாலத்தில் பஸ் தனியாகவே 20 கி.மீ. ஓடிவிட்டது. இருவரும் சேர்ந்து ஓட மிச்சம் 60 கி.மீ.தான்; 60 ÷ 100 = 0.6 மணித்தியாலம், அதாவது 36 நிமிடம். விடை 7.06.

அட்டவணை வழி இரண்டு வரி நீளம். கதி, நேரம், தூரம் மூன்றும் நிரல்கள். வாகனத்துக்கு ஒரு நிரை. பஸ் ஓடும் நேரம் 'நே' என்றால் மோட்டார் சைக்கிளுக்கு நே − ½.

40நே + 60(நே − ½) = 80
100நே = 110
நே = 1.1

பிந்தி வெளிக்கிட்டது நேர நிரலிலேயே பதிந்துவிடுவதால் மறக்க இடமில்லை. ஆனால் நே + ½ என்று எழுதிவிடுவோர் உண்டு: பிந்தியவர் ஓடும் நேரம் குறைவுதானே! 1.1ஐ 1 மணி 10 நிமிடம் என்று வாசிப்பது அடுத்த வழக்கமான பிழை; 0.1 × 60 = 6 நிமிடம். சரிபார்க்க: பஸ் 44, மோட்டார் சைக்கிள் 36, கூட்டினால் 80.

போய்த் திரும்பும் கணக்கில் குறுக்குவழி படுத்துவிடும். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்கு மணிக்கு 30, திரும்பி வர 50, மொத்தம் 2 மணி 40 நிமிடம். சராசரி 40 என்று பிடித்தால் ஒரு வழித் தூரம் 53⅓ என்று வரும். மெதுவாகப் போன பாதியில்தான் கூடிய நேரம் கழிந்தது, ஆகவே சராசரி 40க்குக் குறைவு. அட்டவணையில் தூரத்தை 'தூ' என்று வைத்தால் தூ/30 + தூ/50 = 8/3; தூ = 50. உண்மைச் சராசரி 37.5.

இரண்டு மாறிகளை இதற்கெல்லாம் இழுக்கத் தேவையில்லை. சோளகக் காற்று பின்னால் தள்ள 12 கி.மீ. சைக்கிள் மிதிக்க 40 நிமிடம், எதிர்த்து வர 1 மணித்தியாலம் என்று கேட்டால்தான் ஒருங்கமை சமன்பாடு வேண்டும்: சைக்கிளின் கதியோடு காற்றின் கதியைக் கூட்டினால் 18, கழித்தால் 12. காற்று கதியை அப்படியே கூட்டிக் குறைக்கும் என்ற எடுகோளில் சைக்கிள் 15, காற்று 3.

பஸ் கணக்குக்குத் தூர-நேர வரைபு கீறலாம்; ஆனால் விடை காண அதை நம்பவேண்டாம். அரை மணித்தியாலத்துக்கு 1 செ.மீ. என்று கீறினால் 6 நிமிடம் வெறும் 2 மி.மீ.; பென்சில் முனை மழுங்கினாலே விடை மாறும். ஆனால் கோடுகள் எங்கே வெட்டுகின்றன என்று பார்த்தால், அவசரக்காரரின் 48 நிமிடத்தை 6.30உடன் கூட்டி 7.18 என்று வந்த விடை பிழையென்று உடனே தெரியும்.