எஃப் 2.8-இல் மட்டும் வேலை செய்யும் லென்ஸ்: பழைய 24-70 வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

பழைய 24-70 (24 முதல் 70 மிமீ வரை ஜூம் ஆகும்) லென்ஸ் ஒன்றுக்கு விலை பேசிக்கொண்டிருப்பவர்கள், குறிப்பாகக் கல்யாண வேலைக்காகத் தேடுகிறவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். கண்ணாடியில் கீறலோ பூஞ்சையோ இல்லாத, ஃபோகஸ் சத்தமின்றி ஓடுகிற, கடையில் எடுக்கும் படமெல்லாம் பளிச்சென்று வருகிற ஒரு லென்ஸ், உள்ளே கேபிள் அறுந்த நிலையிலும் இருக்கலாம். அது தெரிந்த விற்பனையாளர், வாங்குபவரின் கண்ணில் படாதபடி அதை மறைத்துவிடவும் முடியும். சென்னையில் பழைய கேமராக்கள் விற்கும் ஒரு கடை எனக்கு அப்படிப்பட்ட ஒன்றைத்தான் விற்றது.

என்னிடம் இருப்பது கேனான் 5டி மார்க் III. கல்யாண மண்டபத்தில் ஒரே லென்ஸோடு நாள் முழுதும் நிற்க வேண்டுமென்றால் 24-70க்கு ஈடானவை குறைவு. மேடை முழுவதையும் அடக்க 24, மணப்பெண்ணின் முகத்துக்கு 70, ஜூம் செய்தாலும் மாறாத 2.8 அப்பர்ச்சர் (ஒளி புகும் திறப்பு; இந்த லென்ஸுக்கு 2.8 என்பது முழுத் திறப்பு, எண் கூடக் கூடத் திறப்பு சிறுக்கும்) என்று எல்லாம் அதில் இருக்கிறது. 28-இல் தொடங்கும் லென்ஸ்கள் பல எடை குறைவானவை, விலையும் குறைவு. ஆனால் 24 மிமீ ஏறத்தாழ 84 பாகை காட்டும் இடத்தில் 28 மிமீ 75 பாகைதான் காட்டும், பின்னால் நகர இடமில்லாத சிறிய மண்டபங்களில் அந்த வித்தியாசம் வரிசையின் இரு ஓரங்களிலும் நிற்கும் சித்தப்பாக்களை வெட்டிவிடும். புதிதாக வாங்குவதென்றால் இந்த வகை லென்ஸின் விலை மிக அதிகம். ஆகவே என் முன்னால் இருந்தவை இரண்டு: 2012-இல் வந்த டாம்ரான் எஸ்பி 24-70 விசி, அல்லது 2002-இல் வந்த கேனான் இஎஃப் 24-70 எல் முதல் பதிப்பு. முன்னதில் நடுக்கம் தணிக்கும் வசதி உண்டு, பின்னதில் இல்லை. நான் டாம்ரானைத்தான் கேட்டுப் போனேன். கடைக்காரர் அது "நேற்றுதான் போயிற்று" என்று சொல்லி, சிவப்பு வளையம் போட்ட கேனானை எடுத்து மேசைமேல் வைத்தார். விலை நாற்பதாயிரத்தை ஒட்டி இருந்தது.

இந்த முதல் பதிப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இதையே இரண்டாம் பதிப்பென்று சொல்லி விற்பவர்களும் இருக்கிறார்கள். முதல் பதிப்பின் ஃபில்டர் அளவு 77 மிமீ, எடை 950 கிராம். 2012-இல் அறிவிக்கப்பட்ட இரண்டாம் பதிப்புக்கு 82 மிமீ, 805 கிராம். முதல் பதிப்பில் 24-க்குத் திருப்பும்போதுதான் குழல் வெளியே நீளும், 70-இல் உள்ளே போய்விடும். மூடியில் உள்ள எண்ணைப் பார்த்தாலே பாதி ஐயம் தீர்ந்துவிடும். எனக்கு விற்றவர் இந்த விஷயத்தில் பொய் சொல்லவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அவர் என் முன்னாலேயே டார்ச் அடித்துக் காட்டினார். பூஞ்சை இல்லை, மங்கல் இல்லை. தம் கடையின் கேமராவில் பூட்டி, 2.8-இல் வைத்து, அலமாரியில் இருந்த பெட்டிகளையும் தெருவில் போனவர்களையும் எடுக்கச் சொன்னார். படங்கள் நன்றாகவே இருந்தன. நான் 5.6-க்கு டயலைத் திருப்பியபோது, "2.8 லென்ஸ் வாங்க வந்துட்டு யாராவது 5.6-ல பாப்பாங்களா அண்ணா? ஃபுல் ஓப்பன்ல ஷார்ப்பா இருந்தா குறைச்சா இன்னும் ஷார்ப்பாத்தான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே கேமராவை வாங்கிக்கொண்டார். அவர் சொன்னது ஒளியியல்படி தவறில்லை, அதுதான் இதில் உள்ள சாமர்த்தியம். என் கேமராவில் மாட்டிப் பார்க்கிறேன் என்றதற்கு, தாராளமாக என்று மாட்டியும் கொடுத்தார். ஆனால் அதற்குள் வேறு இருவர் இதே லென்ஸை விலை கேட்பதுபோல் பக்கத்தில் வந்து நின்றதும், அவர் அவர்களிடம் "சாருக்குப் பேசியாச்சு" என்று சொன்னதும் எவ்வளவு தற்செயல் என்பதை நான் இப்போது ஊகிக்க மட்டுமே முடியும்.

அப்படி வாங்கிய லென்ஸோடு போனது கும்பகோணத்தில் ஒரு முகூர்த்தம். தாலி கட்டும்வரை எல்லாம் 2.8-இலும், ஃப்ளாஷ் இல்லாமலும் எடுத்ததால் ஒரு குறையும் தெரியவில்லை. அதன் பிறகு குடும்பப் படங்கள் தொடங்கின. மேடையில் மூன்று வரிசையாக ஆட்கள் நிற்கும்போது எல்லோர் முகமும் தெளிவாக விழ வேண்டுமென்று 5.6 வைத்து, 24-ஐ ஒட்டி ஜூமை வைத்து அழுத்தினேன். திரையில் எரர் 01 வந்தது. லென்ஸுக்கும் கேமராவுக்கும் தொடர்பில் கோளாறு, தொடுமுனைகளைத் துடைக்கவும் என்ற வாசகத்தோடு. அணைத்துப் போட்டேன், துடைத்தேன், மீண்டும் அதே எரர். 50-க்குத் திருப்பினால் சில சமயம் படம் விழுந்தது, 24-இல் விழவே இல்லை. பெரியவர்கள் மேடையில் நின்றபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் உதவிக்கு வந்த தம்பியின் 50 மிமீ லென்ஸை வாங்கி, பந்திக்குப் போகும் வழியை அடைத்துக்கொண்டு பின்னால் நின்று அந்தப் படங்களை எடுத்து முடித்தேன்.

இப்படி நடப்பதற்குக் காரணம் லென்ஸின் அமைப்பிலேயே இருக்கிறது. கேனானின் இஎஃப் லென்ஸ்களில் அப்பர்ச்சர் இதழ்களை மூடித் திறப்பது லென்ஸுக்குள் இருக்கும் ஒரு சிறு மோட்டார். நாம் எந்த எண்ணை வைத்தாலும், வ்யூஃபைண்டரில் பார்க்கும்போது இதழ்கள் முழுதாகத் திறந்தே இருக்கும். ஷட்டர் விழும் கணத்தில் மட்டும் குறிப்பிட்ட அளவுக்கு மூடி, மறுபடி திறந்துகொள்ளும். அந்த மோட்டாருக்கு மின்சாரம் கொண்டுபோவது மெல்லிய ரிப்பன் போன்ற ஃப்ளெக்ஸ் கேபிள். ஜூம் செய்யும்போது அப்பர்ச்சர் அமைந்துள்ள பகுதியும் முன்னும் பின்னும் நகர்வதால், ஒவ்வொரு திருப்பலிலும் அந்தக் கேபிள் மடங்கி நிமிர்கிறது. கம்பியை ஒரே இடத்தில் மடக்கி மடக்கி நிமிர்த்தினால் ஒடிவது போல, ஆண்டுக்கணக்கில் உழைத்த லென்ஸில் அது விரிசல் விடுகிறது. விரிசல் விழுந்த கேபிள் சில ஜூம் நிலைகளில் தொட்டுக்கொண்டு வேலை செய்யும், சிலவற்றில் விட்டுப்போகும். ஆனால் 2.8-இல் வைத்தால் இதழ்கள் அசைய வேண்டிய தேவையே இல்லை. அதனால் கேமராவுக்குக் கோளாறு தெரிய வழியும் இல்லை.

கடைக்குத் தொலைபேசியில் சொன்னபோது முதலில் கிடைத்த பதில், தொடுமுனைகளை அழிப்பான் ரப்பரால் தேயுங்கள் என்பது. பிறகு என் கேமராவின் மவுன்ட்டில்தான் (லென்ஸைப் பூட்டும் வளையம்) கோளாறு என்றார்கள். அதன் பிறகு, "செகண்ட்ஸ் பொருள் அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். தனியாகப் பழுது பார்க்கும் ஒரு மெக்கானிக்கிடம் லென்ஸைக் கொண்டுபோனேன். பின்புற மவுன்ட்டின் திருகுகளில் ஒன்று கருப்பாகவும் மற்றவை வெள்ளியாகவும் இருப்பதை அவர்தான் முதலில் காட்டினார். திருகின் தலைகள் தேய்ந்திருந்தன. உள்ளே கேபிளின் விரிசல்மேல் பற்ற வைத்து டேப் ஒட்டியிருந்தது. அதாவது இந்தக் கோளாறு ஒருமுறை கண்டுபிடிக்கப்பட்டு, அரைகுறையாகச் சரிசெய்யப்பட்டு, மறுபடி விட்டுப்போன பிறகு என் கைக்கு வந்திருக்கிறது. அப்படிக் கழற்றிப் பூட்டியவர் கண்ணாடித் தொகுதியைச் சரியாக அச்சில் நிறுத்தவும் இல்லை. செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி எடுத்துப் பார்த்தபோது இடப்பக்க எழுத்துகள் வலப்பக்கத்தைவிட மங்கலாக இருந்தன. இவ்வளவு வேலை நடந்த லென்ஸை, உள்ளே யாரும் கைவைக்கவில்லை என்று சொல்லித்தான் எனக்கு விற்றார்கள்.

எனவே பழைய 24-70 எதுவானாலும், எந்த நிறுவனத்துடையதானாலும், கடையிலேயே செய்ய வேண்டிய சோதனை இது: அப்பர்ச்சரை எஃப் 8-க்குக் குறைத்து, 24, 35, 50, 70 ஆகிய ஒவ்வொரு நிலையிலும் சில படங்கள் தொடர்ந்து எடுங்கள், இடையில் ஜூமை மெதுவாகத் திருப்பிக்கொண்டே எடுங்கள். பல எஸ்எல்ஆர் கேமராக்களில் மவுன்ட்டை ஒட்டி ஒரு சிறு பொத்தான் இருக்கும், புலத்தெளிவை (முன்னும் பின்னும் எவ்வளவு தூரம் தெளிவாக விழும் என்பதை) முன்கூட்டிப் பார்ப்பதற்கானது. அதை அழுத்தியபடி லென்ஸின் முன்புறமாகப் பார்த்தால் இதழ்கள் மூடுவது கண்ணுக்கே தெரியும். மூடாவிட்டாலோ, எரர் வந்தாலோ, பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். மிரர்லெஸ் கேமராவில் அடாப்டர் வழியாகப் பூட்டப் போகிறவர்களும் எஃப் 8-இல் எடுத்தே பார்க்க வேண்டும். மவுன்ட்டின் திருகுகளைப் பாருங்கள், அவை ஒரே நிறமாகவும் தலை தேயாமலும் இருக்க வேண்டும். டார்ச் சோதனை கண்ணாடியில் உள்ள பூஞ்சை, மங்கல் போன்றவற்றைக் காட்ட மட்டுமே உதவும். இதில் எதையும் செய்ய விடாமல் அவசரப்படுத்துகிற கடையில் எவ்வளவு விலை குறைத்தாலும் வாங்க வேண்டாம்.

ரசீது விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எனக்குக் கொடுத்த தாளில் "24-70 லென்ஸ்" என்று மட்டும் இருந்தது, தொடர் எண் இல்லை. அடியில் விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது என்று அச்சிட்டிருந்தது. அந்த வரியைக் காட்டித்தான் பல கடைகள் ஆளை அனுப்பிவிடுகின்றன. ஆனால் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ரசீது தராமல் விற்பதையும், குறையுள்ள பொருளை ரசீதில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லப்படாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதையும் நேர்மையற்ற வணிக நடைமுறை என்றே சொல்கிறது. இன்னொன்று, நீங்கள் தொழிலுக்காக வாங்கியிருக்கிறீர்கள், ஆகவே நுகர்வோரே அல்ல என்று கடைக்காரர் என்னிடம் வாதிட்டார்; வணிக நோக்கில் வாங்குபவர்களுக்கு அது பொருந்தும், ஆனால் சுயதொழிலில் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துகிறவரை அந்தச் சட்டம் வெளியே தள்ளவில்லை. தனியாளாகக் கேமரா தூக்கிப் பிழைக்கிற நம்மில் பெரும்பாலோர் அதற்குள் வருவோம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணமும் இல்லை. நான் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தேன். வங்கி வழியாகப் பணம் அனுப்பிய விவரம், கடைக்காரரோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடல், மெக்கானிக் எழுதிக் கொடுத்த குறிப்பு, திறந்த லென்ஸின் படங்கள் ஆகியவற்றையும் சேர்த்தேன். தொடர் எண் இல்லாத ரசீது என்பதால், நான் காட்டுவது அவர்கள் விற்ற லென்ஸ்தானா என்ற கேள்வியைக் கடை எழுப்பிப் பார்த்தது. விற்பதற்கு முன் அவர்களே அனுப்பியிருந்த படங்களில் அந்தக் கருப்புத் திருகு தெரிந்ததால் அந்தக் கேள்வி நிற்கவில்லை.

இழுபறிக்குப் பின், "பயன்படுத்திய தேய்மானம்" என்று ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்தார்கள். அடுத்த முகூர்த்தம் நெருங்கிவிட்டதாலும் கையில் லென்ஸ் இல்லாததாலும் அதை வாங்கிக்கொண்டு லென்ஸைக் கொடுத்துவிட்டேன். பிடித்தம் செய்த தொகைக்கான புகார் இன்னும் நிலுவையில் இருக்கிறது.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம், அதே லென்ஸ் அதே கடையின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் "மின்ட் கண்டிஷன், உள்ளே கைவைக்காதது" என்ற விளம்பரத்தோடு மறுபடி விற்பனைக்கு வந்திருப்பதுதான். கேனான் 24-70 எல் முதல் பதிப்பு. ஜூம் வளையத்தின் ரப்பரில் 35 என்ற எண்ணுக்கு நேராக ஒரு சிறு வெட்டு இருக்கும். ஹூட் (முன்னால் மாட்டும் ஒளிமறைப்பு) அசல் அல்ல, பூட்டும்போது இலேசாக ஆடும். மவுன்ட்டில் ஒரு திருகு மட்டும் கருப்பு, அதை இதற்குள் மாற்றியிருக்கவும் கூடும்.