நைட்ரிக் ஆக்சைடா, எபோப்ரோஸ்டெனாலா?

கொரோனாவில் எக்ஸ்ரே முழுக்க வெளுத்துப்போய், வென்டிலேட்டரில் நூறு சதவீத ஆக்சிஜன் ஓடியும் சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) 85 சதவீதத்தைத் தாண்டாத நோயாளி. அப்போது ஐசியுவில் இந்தக் கேள்வி வந்துவிடும்.

இரண்டும் மூச்சு வழியாக நுரையீரலுக்குள் செலுத்தும் மருந்துகள், செய்யும் வேலை ஒன்றுதான். நுரையீரலில் காற்று போய்ச் சேரும் இடத்து ரத்தக் குழாய்களை மட்டும் விரித்து, வேலை செய்யாத பகுதியில் வீணாக ஓடும் ரத்தத்தை அங்கே திருப்பிவிடும். நைட்ரிக் ஆக்சைடு நிமிடங்களில் வேலையைக் காட்டும். ரத்தத்தில் கலந்ததும் ஹீமோகுளோபின் அதைப் பிடித்துக்கொள்வதால் உடலின் பிரஷர் இறங்காது. ஆனால் 1999-இல் அமெரிக்காவில் இதற்குக் கிடைத்த அனுமதி பச்சிளங் குழந்தைகளுக்குத்தான். தனிக் கருவி வேண்டும், மெத்ஹீமோகுளோபினை (ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போன ஹீமோகுளோபின்) பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அமெரிக்காவில் பில்லும் மணிக்கு இவ்வளவு என்று ஏறும். எனக்குப் பெரிய பயம் சிலிண்டர் மாற்றும் நேரம்தான்: வாயு சட்டென்று நின்றால் நுரையீரல் ரத்த அழுத்தம் முன்பைவிட மோசமாக எகிறி, இதயத்தின் வலது பக்கம் திணறிவிடும்.

எபோப்ரோஸ்டெனால் வாயுவே இல்லை, நெபுலைசரில் போகும் மருந்து. விலை குறைவு, பலனும் ஏறக்குறைய அதே அளவு. தொல்லை வென்டிலேட்டர் ஃபில்டரில்: கரைசலில் உள்ள கிளைசின் படிந்து பிசுபிசுத்து அடைத்துக்கொள்ளும், மூச்சு வெளியே போக முடியாமல் உள்ளே அழுத்தம் கூடும், சில மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆகவேண்டும். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களையும் மந்தமாக்கும் என்பதால் ரத்தக்கசிவு இருப்பவருக்கு யோசிக்க வேண்டும்.

ஹீலியமும் ஆக்சிஜனும் கலந்த ஹீலியாக்ஸ்? எழுபது சதவீதம் ஹீலியம் என்றால் ஆக்சிஜனுக்கு முப்பதுதான் மிச்சம், இவருக்குப் போதாது. ஆர்எஸ்வி வைரஸால் மூச்சுக்குழல் குறுகிப்போன குழந்தைக்கு வேண்டுமானால் கேளுங்கள்.

சரி, உயிர் பிழைப்பது? பல ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2016 ஆய்வுத் தொகுப்பில் நைட்ரிக் ஆக்சைடால் ஆக்சிஜன் கொஞ்ச நேரம் ஏறியது, இறப்பு குறையவில்லை, சிறுநீரகப் பாதிப்புதான் கூடியது. 2013-இல் வந்த ப்ரோசேவா ஆய்வில், நுரையீரல் கடுமையாகப் பாதித்து வென்டிலேட்டரில் இருந்தவர்களைக் குறைந்தது 16 மணி நேரம் குப்புறப் படுக்க வைத்ததிலேயே, 28 நாள் இறப்பு 32.8 சதவீதத்திலிருந்து 16 ஆக இறங்கியது! அதைச் செய்யாமல் சிலிண்டரைத் தேடி ஓடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அப்புறமும் தேவைப்பட்டால், ஃபில்டரைக் கவனிக்க இரவிலும் ஆள் இருக்கும் வார்டில் நான் எபோப்ரோஸ்டெனால் பக்கம். ரத்தக்கசிவு இருந்தால் நைட்ரிக் ஆக்சைடு, 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) அளவில். எதுவானாலும் ஒரு மணி நேரத்தில் சாச்சுரேஷன் அசையவில்லை என்றால் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிட வேண்டும், ஒரே அடியாக அல்ல.