வாரண்டி முடிந்து 2 மாதம், போனது 11,740 ரூபாய். ஃபிரிட்ஜ் வாங்கப் போகிற மதுரைக்காரர்கள் படிங்க

நேற்றுச் சாயங்காலம் ஐந்தாவது தடவையாகக் கடைக்குப் போய்விட்டு, வெறுங்கையோடு திரும்பி வந்தேன். அந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கடை பெயரைப் போட மாட்டேன். புகார் மனு கொடுக்கப் போகிறோம், அதுவரைக்கும் வாயை மூடிக்கொண்டிரு என்று மச்சான் சொல்லியிருக்கிறார். ஊருக்குள் இருக்கிற ஒரு பெரிய வீட்டு உபயோகப் பொருள் கடை, அவ்வளவுதான்.

போன வருடம் மாசி மாதம் வாங்கினேன். விலை 26,400 ரூபாய். பழைய ஃபிரிட்ஜோடு சுவரில் ஒரு ஸ்டெபிலைசர் பெட்டி தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் திருநகர்ப் பக்கம் கரண்ட் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாது. அதனால் புதிதாக ஒரு ஸ்டெபிலைசரும் சேர்த்துப் போடச் சொன்னேன். உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன் ஒருவன்தான் விற்றவன். "அது எதுக்குண்ணே? இது இன்வெர்ட்டர் மாடல். கதவுலயே போட்டிருக்கான் பாருங்க, ஸ்டெபிலைசர் வேண்டாம்னு. வீணா காசைக் கொண்டுபோய்க் கொட்டாதீங்க" என்றான்.

நான் விழுந்த இடம் அதுதான். ஒரு பொருளை வாங்காதீங்க என்று சொல்கிற கடைக்காரப் பையனை நம்பாமல் யாரை நம்புவது? வீட்டுக்காரியிடம்கூட, "நல்ல பையனா இருக்கான்ல" என்றேன். அடுத்த மூச்சிலேயே, "அந்தக் காசுக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி போட்டுக்கங்கண்ணே. 1,890 தான். ஒரு வருசம் முடிஞ்சதும் இன்னும் ரெண்டு வருசம், எதுன்னாலும் எங்க பொறுப்பு. நான் இருக்கேன்ல" என்று சொல்லி, பில்லின் பின்பக்கம் நீல பால்பாயிண்டில் அவன் செல் நம்பரை எழுதிக் கொடுத்தான். ஃபிரிட்ஜுக்குக் கார்டு தேய்த்தேன். 1,890-ஐக் கையில் கொடுத்தேன். ஏன் கையில் கொடுத்தாய் என்று கேட்காதீர்கள். வீட்டில் கேட்டு முடித்துவிட்டார்கள்.

சரியாகப் பதினான்காவது மாதம். அழகர் ஆற்றில் இறங்குகிற வாரம், தேனியிலிருந்து சொந்தக்காரர்கள் எட்டுப் பேர் வீட்டில். காலையில் கதவைத் திறந்தால் விளக்கு எரிகிறது, குளிர் இல்லை. தோசை மாவு பொங்கித் தட்டு முழுக்க வழிந்திருந்தது. அம்மாவின் இன்சுலினை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்கு ஓடினேன். இன்றைக்கும் அவர்கள் ஃபிரிட்ஜில்தான் இருக்கிறது. வேளைக்கு வேளை போய்க் கதவைத் தட்டி வாங்கி வர வேண்டியிருக்கிறது.

கம்பெனி சர்வீஸ் நம்பருக்குப் பேசினேன். வாரண்டி முடிந்துவிட்டதால் வந்து பார்க்கவே 590 ரூபாய். கதவில் கொட்டை எழுத்தில் 10 வருட வாரண்டி என்று ஒட்டியிருக்கிறதே என்றால், அது கம்ப்ரெசருக்கு மட்டுமாம். கீழே எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு வரி இருக்கிறது, நான் இப்போதுதான் கண்ணாடி போட்டுப் படித்தேன். வந்த ஆள் பின்பக்கம் கழற்றிப் பார்த்துவிட்டு, "போர்டு அடிபட்டுருச்சுண்ணே. வோல்டேஜ். ஸ்டெபிலைசர் போடலையா?" என்று கேட்டான். எனக்கு எப்படி இருந்திருக்கும்!

போர்டு என்றால் ஃபிரிட்ஜை இயக்குகிற எலக்ட்ரானிக் அட்டை. புதுசு 6,300 ரூபாய். "பழைய போர்டைக் குடுத்துட்டா 500 குறைச்சுக்கலாம்ணே." சரி என்று கொடுத்துவிட்டேன். 5,800 ரூபாயை அவனுடைய சொந்த நம்பருக்கே ஜீபேயில் அனுப்பினேன். பில் அப்புறம் வாட்ஸ்அப்பில் வரும் என்றான். வரவே இல்லை.

நாலு நாள் அரைகுறையாகக் குளிர்ந்து மறுபடி நின்றது. இரண்டாவது ஆள் வந்து, குளிர வைக்கிற கேஸ் இறங்கிவிட்டது என்று ஏற்றிவிட்டு, கூலியும் சேர்த்து 3,460 வாங்கிக்கொண்டு, துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தான். ஒன்பது நாள் ஓடியது. மூன்றாவதாக வந்தவர் கொஞ்சம் வயதானவர். காதை வைத்துக் கேட்டார், சோப்பு நுரை தடவிப் பார்த்தார். "உள்ள கேஸ் ஓடுற குழாய், அதான் காயில், அதுல லீக் தம்பி. பாடிக்குள்ள ஃபோம் அடைச்சு வச்சிருக்கான், பிரிக்க முடியாது. எத்தனை தடவை கேஸ் ஏத்துனாலும் போய்க்கிட்டேதான் இருக்கும். போர்டை எதுக்கு மாத்துனாய்ங்க?" என்று என்னையே கேட்டார்.

590, 5,800, 3,460. அதோடு அந்த 1,890. ஆக 11,740 ரூபாய். ஃபிரிட்ஜ் மட்டும் குளிரவில்லை.

பீரோவில் இருந்த பில்லை எடுத்தேன். அந்த வழவழப்பான தாள் இருக்கிறதே, வெறும் வெள்ளையாக இருந்தது. எக்ஸ்டெண்டட் வாரண்டிக்குத் தனியாகப் பின் அடித்துக் கொடுத்த ரசீதும் அப்படியே. அச்சு முழுக்க அழிந்துவிட்டது. பின்பக்கம் பையன் எழுதிய பால்பாயிண்ட் நம்பர் மட்டும் பளிச்சென்று நிற்கிறது. அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை.

கடைக்குப் போனேன். கம்ப்யூட்டரில் என் செல் நம்பரைத் தட்டியதும் ஃபிரிட்ஜ் வாங்கியது வந்தது. 1,890 வரவில்லை. "அது வேற கம்பெனி சார், நாங்க பதிஞ்சு மட்டும் குடுப்போம்." அப்படியானால் பதியவில்லையா? "அந்தப் பையன் இப்ப வேலையில இல்ல சார்." இரண்டாம் தடவை, மேனேஜர் லீவு. மூன்றாம் தடவை, மேனேஜர் இருந்தார், டீ வாங்கிக் கொடுத்தார், திங்கட்கிழமை கூப்பிடுகிறேன் என்றார். நாலாம் தடவை, எந்தத் திங்கட்கிழமை என்று நான் கேட்காமல் விட்டது தப்பு என்று புரிந்தது. நடுவில் கடையிலிருந்து ஒரு மெசேஜ் வந்தது, ஓடி எடுத்துப் பார்த்தேன். பழைய ஃபிரிட்ஜைக் கொண்டு வந்தால் எக்ஸ்சேஞ்ச் ஆஃபராம்! நேற்று மேனேஜர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "வாரண்டி முடிஞ்சா சட்டப்படி எங்களுக்குப் பொறுப்பு கிடையாது சார்."

இது பொய். மச்சான் வக்கீல் ஆபீஸில் குமாஸ்தா, அவர்தான் புரிய வைத்தார். வாரண்டி என்பது கம்பெனி தானாகக் கொடுக்கிற வாக்கு. அதற்குத் தேதி உண்டு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அந்தத் தேதியோடு முடிந்துவிடுவதில்லை. தயாரிப்பிலேயே குறை இருந்தால், வாரண்டி போன பிறகும் கடைக்காரரையும் கம்பெனியையும் சேர்த்தே கேட்கலாம். இல்லாததை இருப்பதாகச் சொல்லி விற்பதும், பில் கொடுக்காமல் விடுவதும் அந்தச் சட்டத்தில் முறையற்ற வணிக நடைமுறை. கம்பெனியின் தலைமை ஆபீஸ் எந்த ஊரில் இருந்தாலும், நாம் குடியிருக்கிற மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். பொருளின் விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை.

ஆனால் குறையை நாம்தான் காட்ட வேண்டும். ஆணையம் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கச் சொல்லலாம். இதைச் சொல்லிவிட்டு மச்சான், "பழைய போர்டு எங்க?" என்று கேட்டார். வோல்டேஜில் அடிபட்டதா, அடிபடவே இல்லையா என்று காட்டியிருக்கும் ஒரே சாட்சி அது. 500 ரூபாய்க்கு அதை நானே விற்றிருக்கிறேன். காயில் பாடிக்குள்ளேயே இருப்பதால் தப்பித்தது. அதனால் இனி யாரையும் ஃபிரிட்ஜில் கை வைக்க விடப் போவதில்லை.

எப்படி மனு எழுதுவது என்று விவரமாகச் சொல்லலாம் என்றுதான் ஆரம்பித்தேன். கோபத்தில் கதையே நீண்டுவிட்டது. அவசரத்துக்கு இது மட்டும்:

பில்லை வாங்கிய அன்றைக்கே போட்டோ எடுங்கள், ஜெராக்ஸும் போடுங்கள். கதவு ஸ்டிக்கரையும் சேர்த்து. எக்ஸ்டெண்டட் வாரண்டிக்குக் கையில் காசு கொடுக்காதீர்கள், பதிவு எண் செல்லுக்கு வருகிற வரைக்கும் கடையை விட்டு நகராதீர்கள். ரிப்பேர்க்காரரின் சொந்த நம்பருக்குப் பணம் அனுப்பாதீர்கள். கழற்றிய பாகத்தைக் கொடுக்காதீர்கள், கொடுக்கவே கொடுக்காதீர்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் பேசுங்கள், தமிழிலேயே பேசலாம். அவர்கள் கம்பெனியோடு பேசிப் பார்ப்பார்கள், உத்தரவு போட முடியாது. ஆனால் புகார் எண் ஒன்று கையில் இருக்கும். பிரச்சினை வந்ததிலிருந்து 2 வருடத்துக்குள் ஆணையத்துக்குப் போய்விட வேண்டும். திங்கட்கிழமை, திங்கட்கிழமை என்று கடைக்காரர் இழுப்பதும் அந்தக் கணக்கில்தான் ஓடும்.

கடைக்கும் கம்பெனிக்கும் நோட்டீஸ் இன்றைக்கு ஸ்பீட் போஸ்டில் போகிறது. 11,740-உம், ஃபிரிட்ஜ் விலை 26,400-உம் கேட்டிருக்கிறேன். மச்சான் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு ஹாரன் அடிக்கிறார், தபால் ஆபீஸ் மூடுவதற்குள் போக வேண்டும். மீதியை அப்புறம் எழுதுகிறேன்.